ஓடாத எஞ்சினில் ஓட்டம் உண்டா?

தண்டவாளத்தில் 12 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதன் மேல் நிற்கும் எஞ்சின், ஒரு சாணுக்கும் குறைவான நீளம், முனகுகிறது, நாலு விரற்கடை ஊர்கிறது, நின்றுவிடுகிறது. விரலால் லேசாகத் தள்ளினால் இன்னும் கொஞ்சம் நகர்கிறது. கையில் எடுத்தால் அடிப்பக்கம் சுடுகிறது. ஒரு காலத்தில் மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்த எஞ்சின் இது. இப்போது இதற்கு ஓடும் வலிமை இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஏன் ஓடவில்லை? இல்லையென்றால், இரண்டு மணி நேரம் துடைத்து எண்ணெய் விட்டதும் அது எங்கிருந்து வருகிறது? பழைய பொம்மை எஞ்சினைப் பழுதுபார்க்க உட்காரும் எவரும் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நம்பிக்கொண்டுதான் திருப்புளியை எடுக்கிறார்: வலிமை உள்ளேயே இருக்கிறது, ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பது தத்துவத்தில் இன்னும் தீராத பழைய வழக்கு.

வழக்குக்குச் சான்றுப் பொருளாக ஹார்ன்பி டப்ளோ எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். லிவர்பூல் நகரின் பின்ஸ் சாலையில் இயங்கிய மெக்கானோ நிறுவனம் 1938இல் இந்த வரிசையை வெளியிட்டது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், உண்மை ரயிலின் ஓர் அடி இதில் 4 மில்லிமீட்டர். முதலில் வந்தவை இரண்டு எஞ்சின்கள்: காற்றை வழுக்கிச் செல்லும் முகம் கொண்ட ‘சர் நைஜல் கிரெஸ்லி’, லண்டன் புறநகர் வண்டிகளை இழுத்த என்2 வகை டேங்க் எஞ்சின். இரண்டாம் உலகப் போரில் உற்பத்தி நின்று, 1947 இறுதியில் மீண்டும் தொடங்கியது. 1959இல் இரண்டு தண்டவாள அமைப்பு வரும்வரை மின்சார எஞ்சின்களுக்கு எல்லாமே மூன்று தண்டவாளம்தான். எஞ்சினின் வயிற்றில் உள்ள ஸ்பிரிங் தகடுகள் நடுத் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரத்தை எடுக்கும். சக்கரங்கள் வழியே அது வெளித் தண்டவாளங்களுக்குத் திரும்பும். உள்ளே ஒரு நிலைக்காந்தம், மூன்று துருவ ஆர்மேச்சர், கம்யூட்டேட்டர், இரண்டு கார்பன் பிரஷ், தண்டின் நுனியில் வார்ம் கியர், அது திருப்பும் பல்சக்கரம். வேறொன்றும் இல்லை. மறைவிடமே இல்லாத இவ்வளவு சிறிய கருவியில் ‘வலிமை எங்கே இருக்கிறது’ என்று கேட்டால், ஒவ்வொரு உறுப்பையும் கையில் எடுத்துப் பார்த்தே பதில் தேடமுடியும். பெரிய தத்துவ நூல்களின் உவமைகளுக்கு இல்லாத வசதி இது.

மெகாரா நகரத்துக் கிரேக்கத் தத்துவவாதிகள் கறாராக ஒரு முடிவு சொன்னார்கள்: ஒன்று செயல்படும்போது மட்டுமே அதற்குச் செயல்படும் ஆற்றல் உண்டு. கொத்தனார் கரணையைக் கீழே வைத்த கணத்தில் கட்டும் ஆற்றல் அவரிடம் இல்லை. அவர்களைக் கேட்டால், நின்றுவிட்ட எஞ்சினில் வலிமை என்று பேசுவதே தவறு. அரிஸ்டாட்டில் மெட்டஃபிசிக்ஸ் நூலின் ஒன்பதாம் பகுதியில் இதை மறுத்தார். அப்படியானால் கொத்தனார் ஒவ்வொரு முறை கரணையை எடுக்கும்போதும் தொழிலைப் புதிதாகப் பெறவேண்டும். கண்ணை மூடுகிறவர் ஒரே நாளில் பலமுறை குருடராக வேண்டும். ஆகவே செயல் வேறு, செயலுக்கான ஆற்றல் வேறு. மறுப்பு வலுவானது. ஆனால் அது அலமாரியில் ஓய்ந்திருக்கும் எஞ்சினுக்குப் பொருந்தும் அளவுக்குத் தண்டவாளத்தில் திணறும் எஞ்சினுக்குப் பொருந்துவதில்லை. இங்கே கரணை கையில் இருக்கிறது, செங்கல்லும் சாந்தும் பக்கத்தில் இருக்கின்றன, கூலியும் கொடுத்தாயிற்று. ஆனாலும் கை எழவில்லை. இதையும் அரிஸ்டாட்டில் அதே பகுதியில் சற்றுத் தள்ளித் தொடுகிறார். ஆற்றல் என்பது குறிப்பிட்ட நிலைமைகளில் செய்யும் ஆற்றல். அந்த நிலைமைகளைச் சொல்லும்போதே தடைகள் விலக்கப்பட்டுவிடுவதால், ‘வெளியிலிருந்து எதுவும் தடுக்காவிட்டால்’ என்று தனியாகச் சேர்க்கவேண்டியதில்லை என்பது அவர் கருத்து. சொல்லிவிட்டு அவர் கடந்து போகிறார். இந்தியத் தத்துவவாதிகள் அந்த இடத்தில்தான் நூற்றாண்டுகளாக நின்று வாதிட்டார்கள்.

அவர்கள் எடுத்த சான்று நெருப்பு. நெருப்பு சுடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட மணியை அருகில் வைத்தாலோ, மந்திரம் ஒன்றைச் சொன்னாலோ, நெருப்பு கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தும் சுடாது. மணியை விலக்கினால் மறுபடி சுடும். மீமாம்சகர், நியாய நூலார் என்ற இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வாதத்துக்கு எடுத்த எடுத்துக்காட்டு இது. அப்படி ஒரு மணி உலகில் உண்டா என்பதில் வாதம் தொங்கவில்லை. காரணம் முழுதாகக் கண்முன் இருந்தும் காரியம் நிகழாத ஒரு நிலை வேண்டும், அவ்வளவே. மீமாம்சகர் சொன்னார்கள்: நெருப்பின் வடிவமோ நிறமோ ஒளியோ மாறவில்லை, ஆகவே சுடுவது இவற்றில் எதுவும் அன்று. கண்ணுக்குப் புலப்படாத ‘சக்தி’ நெருப்பில் இருக்கிறது, மணி அதை அடக்குகிறது. பிரபாகரர் மரபினர் இந்தச் சக்தியைத் தனிப் பதார்த்தமாகவே எண்ணினர். அதைக் காட்டும் அளவை அருத்தாபத்தி: கண்ட செய்தி வேறு எப்படியும் பொருந்தாதபோது, அதைப் பொருந்தச் செய்யும் ஒன்றைக் கொள்வது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் இதுவும் உண்டு. நியாய மரபு இதை ஏற்கவில்லை. உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் கொடுத்த விடை சுருக்கமானது: தடை இல்லாமையும் காரணத் தொகுதியில் ஓர் உறுப்பு. பானைக்கு மண், சக்கரம், குயவர் என்று எண்ணுவதுபோல, சுடுவதற்கு நெருப்பு, தொடுகை, மணி இல்லாமை என்று எண்ணவேண்டும். மணி வந்தால் தொகுதியில் ஓர் உறுப்பு குறைந்தது, காரியம் நின்றது. மறைந்து கிடக்கும் சக்தி என்று ஒன்றைக் கூடுதலாகக் கற்பிக்கவேண்டியதில்லை.

வெறும் சொற்போர் போலத் தோன்றினாலும், பழுதுபார்க்கும் மேசையில் இரண்டும் இரு வேறு வேலைமுறைகள். வலிமை உள்ளே மறைந்த சக்தி என்றால் அதை அடக்கும் ஒன்றைத் தேடவேண்டும். உறுப்புகளின் தொகுதி என்றால் ஒவ்வொரு உறுப்பாக எண்ணி, குறைவது எது என்று பார்க்கவேண்டும். மேசை நியாயத்தின் பக்கமே சாய்கிறது. முதல் சோதனையில் எஞ்சினைத் தொடுவதே இல்லை: நன்றாக ஓடும் வேறொரு எஞ்சினை அதே தண்டவாளத்தில் வைத்துப் பார்ப்பது. அதுவும் திணறினால் குற்றம் தண்டவாளத்திலோ கண்ட்ரோலரிலோ இருக்கிறது. அது ஓடி, இது ஓடாவிட்டால், அடுத்து வயிற்றுத் தகடுகள், சக்கர விளிம்புகள். கறுத்த படலம் படிந்த சக்கரம் மின்சாரத்தை விட்டுவிட்டுத்தான் கொடுக்கும். இது இருந்தால் அது இருக்கிறது, இது இல்லாவிட்டால் அது இல்லை என்று இரு வழியிலும் பார்த்தே காரணத்தை உறுதிசெய்யவேண்டும் என்பது தருக்க நூல்களின் பாடம். அவசரக்காரர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார். ஆரோக்கியமான ஆர்மேச்சரை அவிழ்த்து, நூல் போன்ற கம்பியை அறுத்துவிடுகிறார்.

இந்தக் கட்டத்தில் கை தானாகக் கண்ட்ரோலரின் குமிழுக்குப் போகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் எஞ்சின் ஒரு துள்ளு துள்ளி ஓடுகிறது. நியாய நூலார் இதையும் விடவில்லை. மணி அருகில் இருந்தும், ‘உத்தேஜகம்’ என்ற கிளர்த்தும் பொருள் ஒன்று உடன் இருந்தால் நெருப்பு சுடும் என்ற எதிர்வாதம் அவர்கள்முன் வந்தது. தடை இருக்கும்போதே காரியம் நடந்தால், தடையின்மையைக் காரணம் என்பது எப்படி? அவர்கள் இலக்கணத்தைத் திருத்தினார்கள்: வேண்டியது வெறும் தடையின்மை அன்று, கிளர்த்தும் பொருளால் வெல்லப்படாத தடையின் இன்மை. நுணுக்கம் என்று அலுத்துக்கொள்ளத் தேவையில்லை. குமிழைத் திருப்பும் விரலுக்குத் தெரியவேண்டியது இதுதான். எஞ்சின் ஓடியது தடை போனதால் அன்று, தடையை மீறியதால். மீறலுக்கு விலை உண்டு. திணறும் மோட்டாரில் மின்னோட்டம் ஏறுகிறது, காயில் சூடாகிறது, கம்பிமேல் பூசிய காப்பு வார்னிஷ் கருகுகிறது. கருகிய ஆர்மேச்சருக்கு மறுபடி கம்பி சுற்றவேண்டும். துடைத்தால் தீர்ந்திருக்கும் குறையை இப்படி உண்மையான இழப்பாக மாற்றிவிட முடியும்.

உடலைக் கழற்றியதும் கண்ணில் படுவது பிசுக்கு. அச்சு நுழையும் துளைகளில் மஞ்சளும் பழுப்புமாக ஒன்று இறுகிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் பிசின்போல உருளும். வார்ம் கியரின் பள்ளங்களில் பழைய கிரீஸ் காய்ந்த மெழுகாகியிருக்கும். சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தால் சுழலாது; தள்ளிய அளவு நகர்ந்து நிற்கும். இந்தப் பிசுக்கு யார் போட்டது? வெளியிலிருந்து வந்த அழுக்கு அதில் கொஞ்சம்தான். பெரும்பகுதி, எஞ்சின் நன்றாக ஓடவேண்டும் என்று அக்கறையோடு யாரோ விட்ட எண்ணெய். எண்ணெயின் இலேசான பகுதி ஆண்டுக்கணக்கில் ஆவியாகிறது. மீந்தது காற்றின் ஆக்சிஜனோடு கூடி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து தடித்துப் பசையாகிறது. தாவர எண்ணெயில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வீட்டுத் தையல் மெஷினுக்கு அவசரத்தில் சமையல் எண்ணெய் விட்டவர்களுக்கு இது தெரியும்: ஒரு வாரம் வெண்ணெயாக ஓடும், ஒரு வருடம் கழித்துச் சக்கரமே திரும்பாது. ஆக, தடையை நீக்கவந்த பொருளே தடையாகியிருக்கிறது. மணியும் மணியை விலக்கும் கையும் வேறு வேறு என்று கொண்ட பழைய எடுத்துக்காட்டில் இதற்கு இடமில்லை.

இடம் தந்த மரபு ஒன்று தமிழில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்ற ஆற்றல்கள் உண்டு. ஆணவ மலம் அவற்றை மறைத்து மந்தமாக்குகிறது. உயிர் ஆற்றல் அற்றதும் அன்று, தானே விளங்குவதும் அன்று. மலத்தைக் கழிக்கும் வழியைச் சொல்லும்போது சித்தாந்தம் வண்ணாரை உவமை காட்டுகிறது. வெளுப்பவர் அழுக்குத் துணியின்மேல் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறார். பார்ப்பவருக்கு அழுக்கு கூடியதாகத் தெரியும். ஏற்றியது பழைய அழுக்கைப் பற்றிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து போகின்றன. அதுபோல, ஆணவத்தைக் கழிக்கவே மாயையும் கன்மமும் உயிரோடு கூட்டப்படுகின்றன. உடலும் உலகமும் இந்தப் பார்வையில் கட்டும்தான், கட்டை அவிழ்க்கும் கருவியும்தான்.

இறுகிய எண்ணெய்க்குச் செய்யும் வைத்தியமும் ஏறத்தாழ இதே. முதலில் புது எண்ணெய் ஒரு துளி அச்சுத் துளையில் விட்டு ஓர் இரவு ஊறவிடுவது. பழையது புதியதில் கரைந்து இளகும். மறுநாள் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினால் கறுப்புச் சாறு கசியும். அதை ஒற்றி எடுக்கவேண்டும். அதற்கும் இளகாத இடத்தில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சி. வர்ணம் பூசிய பகுதியில் அது படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். இதில் மிகப் பலர் தவறுவது கடைசிப் படியில். உவர்மண்ணைத் துணியிலேயே விட்டுவிட்டால் அது வெளுப்பு ஆகாது. இளக்கப் போட்ட எண்ணெயையும் துடைத்தெடுத்து, உலோகம் வெறுமையாகத் தெரிந்த பிறகுதான் ஓட்டத்துக்கான எண்ணெயைப் போடவேண்டும். துளையின் வாயில் விட்ட சொட்டு பழைய பிசுக்கோடு கலந்து அங்கேயே தங்கினால், எஞ்சின் ஒரு மாதம் ஓடிவிட்டு முன்னிலும் மோசமாக இறுகும்.

அடுத்தது கம்யூட்டேட்டர். ஆர்மேச்சர் தண்டில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இடத்தில் மூன்று செம்புத் துண்டுகள், நடுவே முடிபோன்ற மூன்று இடைவெளிகள். இரண்டு கார்பன் பிரஷ்கள் அவற்றின்மேல் அழுந்தி நிற்கும். ஆர்மேச்சர் சுழலச் சுழல எந்தக் காயிலுக்கு மின்சாரம் போகவேண்டும் என்பதை இந்தத் துண்டுகள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பழைய எஞ்சினில் அங்கே செம்பின் நிறமே தெரியாது, கறுப்பு வளையமாக இருக்கும். கார்பன் தூள், தெறித்து வந்த எண்ணெய், தீப்பொறியின் கரி மூன்றும் சேர்ந்த பூச்சு அது. அதைவிட இடைவெளியில் நிறைந்திருப்பது ஆபத்து. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மின்சாரம் குறுக்கே பாய்ந்து, காயிலுக்குப் போகாமலேயே திரும்பிவிடும். முனகலும் சூடும் இருந்து ஓட்டம் மட்டும் இல்லாத நிலைக்கு இது மிகப் பழக்கமான காரணம். ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியை அழுத்திப் பிடித்து ஆர்மேச்சரைத் திருப்பினால் முதல் குச்சி மையாக வரும், இரண்டாவது சாம்பலாக, நாலாவது ஐந்தாவதில் இளஞ்சிவப்புச் செம்பு எட்டிப் பார்க்கும். இடைவெளிகளுக்குப் பல்குத்தும் மரக்குச்சியின் கூர். ஊசி வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம், இரண்டும் செம்பைக் கீறும், கீறலில் கரி மறுபடி தங்கும். துடைத்த பிறகு மல்டிமீட்டரால் துண்டுக்குத் துண்டு அளந்தால் மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்தக் காயில் பழுது, துடைத்துப் பயனில்லை.

சித்தாந்தத்தின் இன்னொரு புகழ்பெற்ற உவமை செம்பும் களிம்பும். உயிரோடு ஆணவம் நடுவில் வந்து ஒட்டியதன்று. செம்போடு களிம்பு போல, நெல்லோடு உமி போல, தொடக்கம் இல்லாமலே உடன் இருப்பது. இடையில் வந்த அழுக்கு என்றால் வந்ததற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். துடைத்த பிறகு மறுபடி வராது என்பதற்கு உறுதியும் இராது. ஆகவே உடன்பிறந்தது, ஆனால் உயிரின் இயல்பு அன்று என்ற நுண்ணிய நிலையை அவர்கள் எடுத்தார்கள். கம்யூட்டேட்டரின் செம்பு இந்த உவமைக்குச் சரியான எதிர்ச்சான்று. அதன் கறுப்பு பிறகு வந்தது, காரணம் சொல்லக்கூடியது, ஓட ஓட மறுபடி வரப்போவது. சித்தாந்திகள் அஞ்சிய இரண்டும் இங்கே உண்மை. வலிமை போகவில்லை, மறைந்திருந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய குறையும் இதுவே, ஏனென்றால் புதிதாக எதுவும் சேர்க்காமல், எடுத்ததாலேயே ஓட்டம் திரும்புகிறது.

எண்ணெய் விடும்போது அப்படிச் சொல்லமுடியாது. தடையின்மை என்பது ‘ஒன்று இல்லாதிருத்தல்’. நியாய மரபு ‘அபாவம்’ என்ற இந்த இன்மையைத் தனிப் பதார்த்தமாகவே எண்ணியது. ஆனால் சுத்தமாகத் துடைத்து உலர்ந்த அச்சும் துளையும் உண்மையில் தடையற்றவையா? உலோகத்தின்மேல் உலோகம் உரசும், தேயும், கீச்சிடும். உராய்வு இல்லாதிருக்க, நடுவில் ஒன்று இருக்கவேண்டும். 1883இல் பொசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சு போன்ற ஒன்றை எண்ணெயில் தோயவிட்டுச் சுழற்றிச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காக மேல் தாங்கியில் ஒரு துளை போட்டபோது, எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கியது. மரத்தக்கையால் அடைத்தார், தக்கையை அது தள்ளி வெளியேற்றியது. அழுத்தமானியை மாட்டியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. சுழலும் அச்சே எண்ணெயைத் தன்னடியில் இழுத்து, அந்த மெல்லிய படலத்தின்மேல் ஏறி மிதக்கிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதமாக எழுதிக் காட்டினார். பொம்மை எஞ்சினின் மெல்லிய அச்சில் அவ்வளவு அழுத்தம் எழாது. மெதுவாக ஓடும்போது படலம் அறுந்து அறுந்து உலோகம் தொடவும் செய்யும். ஆனாலும் நடப்பது அதே வகை. அங்கே தடையின்மையை ஒரு பொருள் தாங்கிநிற்கிறது, அதுவும் ஓடும்போது மட்டும் முழுதாக. மெகாராவினர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்: ஓட்டத்தின் நிலைமைகளில் ஒன்றை ஓட்டமே உண்டாக்குகிறது.

படலம் என்றால் படலம் அளவுதான் வேண்டும். தையல் ஊசியின் நுனியை எண்ணெயில் தோய்த்து எடுத்தால் தொங்குமே, அந்தத் துளி ஓர் அச்சு முனைக்குப் போதும். ஆர்மேச்சர் தண்டின் இரு முனைகள், ஒவ்வொரு அச்சும் சட்டத்தில் நுழையும் இடம், இணைப்புத் தண்டுகளின் முளைகள்: இலேசான, பிசினாகாத எண்ணெய். வார்ம் கியருக்குக் கொஞ்சம் மசகு, பல்லிடுக்கு பளபளக்கும் அளவு. கம்யூட்டேட்டரில் ஒரு சொட்டும் கூடாது. அங்கே எண்ணெய் கார்பன் தூளைப் பிசைந்து மறுபடி அந்தக் கறுப்புப் பசையைச் செய்யும். ஆர்மேச்சர் முனைக்கு விட்ட மிகையான எண்ணெய் சுழற்சியில் தெறித்துப் போய்ச் சேரும் இடமும் அதுவே. மாட்டுவண்டி அச்சுக்கு மசகு அப்புவதுபோல அப்பும் பழக்கம் இங்கே ஆகாது.

இவ்வளவும் செய்து, சக்கரம் விரலுக்கு வழவழவென்று சுழன்று, மூன்று காயிலும் ஒத்து, பிரஷ் ஸ்பிரிங்கும் சரியாக அழுத்தி, அப்படியும் எஞ்சின் பெட்டிகளை இழுக்கவில்லை என்றால் மீமாம்சகரை அழைக்கவேண்டிய இடம் வந்துவிட்டது. குறை காந்தத்தில். ஆர்மேச்சர் காந்தப்புலத்தில் சுழலும்போது, வரும் மின்சாரத்தை எதிர்க்கும் மின்னழுத்தம் ஒன்று அதிலேயே பிறக்கிறது. அதுதான் மின்னோட்டத்தை அளவோடு நிறுத்துகிறது. காந்தம் தளர்ந்தால் எதிர்ப்பு குறைகிறது, மின்னோட்டம் ஏறுகிறது, அதே மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் திருப்புவிசை குறைகிறது. எஞ்சின் அதிகம் தின்று குறைவாக உழைத்துச் சூடாகிறது. தடை என்று காட்ட எங்கும் எதுவும் இல்லை. தளர்ந்த காந்தத்தையும் நல்ல காந்தத்தையும் பக்கத்தில் வைத்தால் நிறம், எடை, வடிவம், உலோகக் கலவை அத்தனையும் ஒன்றே. ஒரு திருப்புளியைத் தொங்கவிட்டால்தான் வேறுபாடு தெரியும். விளைவைக் கொண்டே அறியத்தக்க, காணாத சக்தி. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தங்களில், ஆர்மேச்சரை வெளியே எடுக்கும்போது துருவங்களுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைக்காவிட்டாலே வலு ஓரளவு இறங்கிவிடும். பழுதுபார்க்கும் கையே வலிமையைக் குறைத்துவிடும் இடம் இது, பழையவற்றைத் தொடுபவர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இதை நினைவில் வைக்கவேண்டும்.

நியாய மரபினர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். காந்தத்தின் உள்ளே கோடிக்கணக்கான நுண்பகுதிகள் ஒரே திசை பார்த்து நின்றால் வலு, திசை கலைந்தால் தளர்வு. இதுவும் அமைப்புதான், தனிப் பதார்த்தம் அன்று என்பார்கள். இயற்பியல் அவர்கள் பக்கம். ஆனால் பழுதுபார்ப்பவரின் முதல் நம்பிக்கை இங்கே உடைந்துவிட்டது என்பதை மறைக்கமுடியாது. வலிமை உள்ளே மறைந்திருக்கவில்லை, குறைந்தே போயிற்று. எதை எடுத்தாலும் அது திரும்பாது, வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். கனத்த கம்பிச்சுருளுக்கு நடுவே காந்தத்தை வைத்து ஒரு கணம் பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது பழைய வலுவைப் பெறுகிறது. அந்தக் காந்தம் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளாது. பானைக்குக் குயவரைப்போல ஒரு நிமித்த காரணம் வெளியே நின்றாகவேண்டும் என்று சித்தாந்தம் வற்புறுத்துவதை இந்த ஒரு பழுது அழகாகத் தாங்குகிறது.

கடைசியாக ஒரு குறை, இவை எதிலும் சேராதது. 1930களில் வார்க்கப்பட்ட துத்தநாகக் கலவைப் பொம்மைகள் சிலவற்றில் உடல் தானாக வீங்கும், வளையும், மேலே சிலந்திவலைபோல வெடிப்பு ஓடும், ஒருநாள் விரல் பட்டாலே உதிரும். வார்க்கும்போது கலவையில் ஈயம் மிகச் சிறு அளவு கலந்துவிட்டாலும், ஈரமும் வெப்பமும் சேர்ந்து உலோகத் துகள்களின் எல்லைகளை உள்ளேயே அரிக்கின்றன. தூய துத்தநாகம் கொண்டு வார்த்தவை இன்னும் உறுதியாக நிற்கின்றன. ஈயம் கலந்தவை பிறந்த அன்றே சிதையத் தொடங்கியவை. துடைக்க அழுக்கில்லை, நிரப்ப வெறுமையில்லை. செம்பும் களிம்பும் சொல்லவந்த ‘உடன்பிறந்த மலம்’ என்பதற்குச் செம்பைவிட இந்தத் துத்தநாகமே நெருக்கமான சான்று. ஆனால் அந்த இடத்திலேயே உவமை முறிந்தும்விடுகிறது. இரசகுளிகை பட்டால் செம்பின் களிம்பு நீங்கிப் பொன்னாகும் என்று சித்தாந்தம் உறுதி சொல்கிறது. உயிரைப் பற்றிய அந்த உறுதிக்கு வார்ப்பு உலோகத்தில் இணை கிடையாது. செய்யக்கூடியது, ஈரமில்லாத, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைத்து நாளைத் தள்ளுவது, அல்லது புது வார்ப்பு உடலை மாட்டுவது.

தேறிய எஞ்சினை உடனே பெட்டிகளோடு பூட்டக்கூடாது. சுமையில்லாமல் முன்னோக்கி அரைமணி, பின்னோக்கி அரைமணி, குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றி ஓட்டவேண்டும். புது பிரஷ் போட்டிருந்தால் அதன் முகம் கம்யூட்டேட்டரோடு பொருந்தித் தேய அந்த நேரம் வேண்டும். எண்ணெயும் மூலைக்கு மூலை பரவும். ஆம்பியர் மீட்டரை இணைத்து வைத்திருந்தால் அந்த ஒரு மணியில் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரியும், வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நிறுத்தியதும் அடிப்பக்கத்தைத் தாளால் ஒற்றி, கசிந்த எண்ணெயை எடுத்துவிட்டு, கம்யூட்டேட்டரை இன்னொரு முறை உலர்ந்த பஞ்சால் துடைக்கவேண்டும். பிறகு மாதம் ஒருமுறை சில நிமிடம் ஓட்டினால் போதும். எந்த எண்ணெய், எந்த நாள், காந்தம் எப்போது வலுவேற்றப்பட்டது என்று ஒரு சிறு சீட்டில் எழுதிப் பெட்டி மூடியின் உட்பக்கம் வைத்துவிடுவது நல்லது. இன்னும் முப்பது ஆண்டு கழித்து அதே பிசுக்கின்முன் உட்காரப்போகிறவர் வேறொருவராக இருக்கலாம்.